எரிந்த ஃபியூஸைத் தூக்கிப் போடாதீர்கள்

பழுதான ஆம்ப்ளிஃபையரோடு யார் கடைக்கு வந்தாலும் நான் முதலில் கேட்பது, "போன ஃபியூஸ் கையில இருக்கா?" என்பதுதான். பெரும்பாலும் இருக்காது. மேடையில், இருட்டில், அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் கழற்றி எங்கோ எறிந்திருப்பார்கள். எறிந்ததில் தவறில்லை என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். செத்த ஃபியூஸால் யாருக்கு என்ன பயன்? ஆனால் எனக்கு அது வேண்டும். மீட்டரை எடுப்பதற்கு முன்பே பாதி விஷயம் அதிலிருந்து தெரிந்துவிடும்.

வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் நடுவே என் கடை. சினிமாவில் வாசிக்கிறவர்கள், மெல்லிசைக் குழுக்காரர்கள், சர்ச்சில் கிதார் வாசிக்கும் பையன்கள் எல்லாரும் வருவார்கள். கிதார் ஆம்ப், பேஸ் ஆம்ப், கீபோர்டு ஆம்ப், எப்போதாவது ஒரு வால்வு செட். ஆடி மாதம் பிறந்துவிட்டால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசையாக இருக்கும். அப்போது வரும் செட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சொல்லப்படும் புகார் ஒன்றே: "பீஸு நிக்க மாட்டேங்குதுண்ணே."

செத்த ஃபியூஸைக் கையில் வாங்கினால் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். கண்ணாடியின் உட்புறம் முழுக்கக் கருத்தோ, வெள்ளி பூசியதுபோல் மினுங்கியோ இருந்து, உள்ளே கம்பியே காணாமல் போயிருந்தால், பெருங்கரன்ட் ஒரே அடியாகப் பாய்ந்திருக்கிறது. கம்பி உருகவில்லை, ஆவியாகிக் கண்ணாடியில் படிந்துவிட்டது. எங்கோ நேரடி ஷார்ட். ரெக்டிஃபையர் டயோடு, ஃபில்டர் கண்டென்சர், அவுட்புட் டிரான்சிஸ்டர் இவற்றில் ஒன்று. கண்ணாடி பளிச்சென்று சுத்தமாக இருந்து, நடுவில் மட்டும் கம்பி அறுந்து இரு முனைகளிலும் சின்ன உருண்டை திரண்டிருந்தால் கதை வேறு. தாங்கக்கூடியதைவிடக் கொஞ்சம் கூடுதலான கரன்ட், நிதானமாக, நெடுநேரம் ஓடியிருக்கிறது. கம்பி சூடேறித் தொய்ந்து அறுந்திருக்கிறது. மூன்றாவது வகை ஒன்று உண்டு: கம்பி நடுவில் அறாமல், மூடியோடு சேரும் இடத்தில் விட்டிருக்கும். இங்கே ஃபியூஸைவிட அதன் ஹோல்டரைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஹோல்டரின் ஸ்பிரிங் தளர்ந்தால் தொடும் இடம் சூடேறும். அந்தச் சூட்டில் மூடிக்குள் இருக்கும் ஈயம் இளகிவிடும். ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு குறையும் இருக்காது.

அடுத்துப் பார்ப்பது மூடியில் பொறித்திருக்கும் எழுத்தை. வெறும் எண்ணை மட்டும் பார்த்துக் கடையில் ஃபியூஸ் வாங்குகிறவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். எண்ணுக்கு முன் 'டி' என்று இருந்தால் நிதானமாக அறுவது, ஸ்லோ ப்ளோ. 'எஃப்' என்றால் சட்டென்று அறுவது. பெரிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் போட்ட ஆம்பில், சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் ஏசி அலை எந்த இடத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து, சில சுழற்சிகளுக்குப் பத்து இருபது ஆம்பியர்கூடப் பாயும். ஸ்லோ ப்ளோ அதைப் பொறுத்துக்கொள்ளும். அதே எண்ணில் 'எஃப்' போட்டால் சில நாள் நிற்கும், சில நாள் சுவிட்சைப் போட்டதுமே போகும். நல்ல நிலையில் இருக்கும் செட்டைப் பழுது என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். சரியான ஃபியூஸைப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வேலைக்குக் காசு வாங்கியதில்லை.

ஃபியூஸில் போட்டிருக்கும் ஆம்பியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1 ஆம்பியர் ஃபியூஸ் 1 ஆம்பியரில் அறும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஐரோப்பியத் தரத்தில் செய்த 1 ஆம்பியர் ஃபியூஸ், ஒன்றரை ஆம்பியரை ஒரு மணி நேரமாவது தாங்க வேண்டும். அமெரிக்கத் தரத்தில் செய்ததோ 1.35 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் அறுந்துவிட வேண்டும். 20 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னக் குழாய் பெரும்பாலும் முதல் வகை, 32 மில்லிமீட்டர் நீளமுள்ள பெரிய குழாய் பெரும்பாலும் இரண்டாவது. இரண்டிலும் ஒரே எண் இருந்தாலும் குணம் ஒன்றல்ல. ஹோல்டரை மாற்றிவிட்டுச் சின்னக் குழாயைப் போட்டிருந்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வேன்.

ஃபியூஸ் ஒருமுறை போனால் இதையெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை. கரன்ட் ஏற்ற இறக்கத்தில் போயிருக்கலாம், வயதாகிப் போயிருக்கலாம். சரியானதை ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். இரண்டாவதும் போனால் அங்கேயே நிறுத்த வேண்டும். மூன்றாவதாக, எண்ணைக் கூட்டிப் போடுவதுதான் நம் ஊரில் நடக்கிற கொடுமை. 2 ஆம்பியர் நிற்கவில்லையா, 5 போடு. 5 நிற்கவில்லையா, 10 போடு. அதுவும் கிடைக்காவிட்டால் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்று, அல்லது ஒயரை உரித்து ஒரு தாமிர இழையைக் கட்டு. இப்படிச் செய்த செட்டைத் திறந்தால் வார்னிஷ் கருகிய வாடை முதலில் வரும். ஐந்து ரூபாய்க் கண்ணாடிக் குழாய் ஏற்க வேண்டியதை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றிருக்கும். பந்தலில் துணியும் ஓலையும் காய்ந்த மூங்கிலும் இருக்கின்றன. கீழே குழந்தைகள் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாடிக்கையாளர் என்று பார்க்காமல் சத்தம் போட்டுவிடுவேன்.

இனி, செட்டைத் திறந்த பிறகு நடப்பது.

என் மேஜையில் இருக்கும் கருவிகளிலேயே விலை குறைந்ததும் அதிகம் உழைத்ததும் சீரிஸ் போர்டு. ஒரு மரப்பலகை, ஒரு பல்பு ஹோல்டர், ஒரு பிளக் சாக்கெட். மெயின்ஸ் நேராக செட்டுக்குப் போகாமல், 100 வாட் குண்டு பல்பு வழியாகப் போகும். உள்ளே முழு ஷார்ட் இருந்தாலும் அந்தப் பல்பு 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், அவ்வளவுதான். ஃபியூஸும் போகாது, புதிதாக எதுவும் சாகாது. இதற்கு டங்ஸ்டன் இழை பல்புதான் ஆகும். குளிர்ந்த இழைக்கு 40 ஓம் அளவுதான் ரெசிஸ்டன்ஸ், சூடேறினால் 500 ஓமைத் தாண்டும். கரன்ட் குறைவாக இருக்கும்போது வழிவிட்டு, கூடும்போது தானே இறுக்கும் குணம் அதற்கு அதனால்தான் வருகிறது. எல்இடி பல்பில் இது நடக்காது. 100 வாட் குண்டு பல்பு இப்போது கடைகளில் கிடைப்பதே அரிதாகிவிட்டது. எங்கே கண்ணில் பட்டாலும் வாங்கி, அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பாக இருந்தால், சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒருகணம் பளிச்சென்று எரிந்து உடனே மங்கிவிடும். ஃபில்டர் கண்டென்சர்கள் நிரம்பும் வெளிச்சம் அது. மங்காமல் முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. வால்வு செட்டுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். வால்வு ஹீட்டர்களே 25 வாட் தின்னும், அதனால் பல்பு ஓரளவு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு இரண்டு 100 வாட் பல்புகளை இணையாகப் போட்டுக்கொள்வேன்.

ஷார்ட் இருப்பது உறுதியானால் செட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டு அதை மட்டும் சீரிஸ் போர்டில் போடுவேன். அப்போதும் பல்பு எரிந்தால் சுற்றுக்குள் ஷார்ட், டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்காரரிடம் போக வேண்டியதுதான். எரியாவிட்டால் ரெக்டிஃபையரைச் சேர்ப்பேன். பிறகு கண்டென்சர்களை. பிறகு அவுட்புட் போர்டை. எதைச் சேர்க்கும்போது பல்பு எரிகிறதோ அங்கே குறை. இது யாருக்கும் புரியும் வேலைதான். அவசரப்படாமல் வரிசையாகச் செய்கிறவர்கள் குறைவு.

டிரான்சிஸ்டர் ஆம்பில் பெரும்பாலும் குற்றவாளி அவுட்புட் டிரான்சிஸ்டர்கள். முன்பெல்லாம் 2என்3055, இப்போது அதிகம் பார்ப்பது 2எஸ்சி5200, அதன் ஜோடி 2எஸ்ஏ1943. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மீட்டரை வைத்தால் ஒரு ஓம்கூடக் காட்டாது. மாற்றினால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. ஒரு டிரான்சிஸ்டர் சாகும்போது டிரைவரையும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் கூடவே இழுத்துக்கொண்டு போயிருக்கும். பயஸ் டிரான்சிஸ்டர் கெட்டிருந்தால் புதிதாகப் போட்டதும் அடுத்த நொடியே போகும். அதனால் எல்லாவற்றையும் அளந்து, சீரிஸ் போர்டிலேயே ஓடவிட்டு, எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே பத்து மில்லிவோல்ட் சுற்றி நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் நேர் மெயின்ஸ்.

இதில் போலிச் சரக்கு வேறு தலைவலி. 2எஸ்சி5200 என்றால் 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்க வேண்டும். சந்தையில் அதே பெயரைப் பொறித்து வரும் எல்லாமும் தாங்குவதில்லை. மெதுவாக வாசித்தால் நன்றாகவே பாடும். கச்சேரியில் பேஸ் கிதார்காரர் குத்துப் பாட்டுக்கு வால்யூமைத் திருகியதும் போய்விடும். அப்படிச் செத்த ஒன்றை வைஸில் வைத்து உடைத்துப் பார்த்தேன். உள்ளே தாமிரத் தகட்டின் மேல் இருந்த சிலிக்கன் சில்லு 2 மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கத்தில் நல்ல டிரான்சிஸ்டர் ஒன்றை உடைத்து வைத்தால் அதன் சில்லு பல மடங்கு பெரியது. அதிலிருந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிந்த கடையில், பழைய ஆம்பிலிருந்து கழற்றிய அசல் சரக்கு கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கிறேன். புதுசு என்பதற்காக எதையும் வாங்குவதில்லை.

ஒரு கீபோர்டு ஆம்ப் நினைவுக்கு வருகிறது. வேறு இடத்தில் டிரான்சிஸ்டர் மாற்றிய செட். போர்டை வெளியே எடுத்து மேஜையில் வைத்தால் எந்தக் குறையும் இல்லை. ஹீட் சிங்கில் பொருத்தி ஸ்க்ரூவை இறுக்கினால் சீரிஸ் பல்பு எரிகிறது. கொஞ்சம் தளர்த்தினால் அணைகிறது. டிரான்சிஸ்டரின் முதுகு கலெக்டர், அதில் 60 வோல்ட் நிற்கிறது. ஹீட் சிங்கோ பாடியோடு சேர்ந்த எர்த். இரண்டுக்கும் நடுவே ஒரு மைகா ஷீட்தான் காவல். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது, ஊசியால் குத்தியதுபோல் ஒரே ஒரு துளை. ஹீட் சிங்கில் புதிதாகத் துளை போட்டவர் பிசிறை அரம் வைத்துத் தேய்க்காமல் விட்டிருக்கிறார். அலுமினியத் துணுக்கு ஒன்று மைகாவைத் துளைத்து நின்றது. தேய்த்து, துடைத்து, புது மைகாவும் வெள்ளைப் பேஸ்ட்டும் போட்டேன். செலவு டீக்காசுகூட இல்லை.

ஆம்பின் உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெளியே குறை இருப்பதும் உண்டு. ஸ்பீக்கர் ஒயரின் ஜாக்கில் ஒரு இழை பிரிந்து மறுபக்கம் தொட்டுக்கொண்டிருக்கும். 4 ஓமுக்குச் செய்த ஆம்பில், சத்தம் போதவில்லை என்று மூன்று 8 ஓம் பெட்டிகளை இணையாக மாட்டியிருப்பார்கள். 2.7 ஓம் ஆகிவிடும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த 120 வோல்ட் செட்டை நம் 230-ல் செருகியிருப்பார்கள். இதில் ஃபியூஸ் உடனே போய்விட்டால் அதிர்ஷ்டசாலி.

இப்போது வால்வு. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்தது அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிதார் வாசிப்பவர்கள் வால்வை விடமாட்டார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். அவர் செய்த பேஸ்மேன் ஆம்பின் சர்க்யூட்டை வைத்துத்தான் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962-ல் ஜேடிஎம்45 உருவானது. அதில் கை வைத்த கென் பிரான் அந்தக் கடையின் ரிப்பேர்காரர். இன்று உலகம் முழுக்க ஒலிக்கும் கிதார் சத்தத்தின் வேர் இரண்டு ரிப்பேர் மேஜைகளில் இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அந்த சர்க்யூட்டுகளைத் திறந்தால் தெரியும், பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் போட்டவை. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் விரலால் தொட்டுக் கணக்குச் சொல்லலாம். நம் நாட்டிலும் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் வால்வுகள் செய்தது. அந்த இசிசி83-ஐ இன்றும் ஆசையாகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது பவர் வால்வு என்றால் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா. ஒரு ஜோடி வாங்குவது ஒரு சர்ச் பையனுக்குப் பெரிய செலவு.

அப்படி ஒரு பையன்தான் அந்த 50 வாட் ஹெட்டைக் கொண்டுவந்தான். இரண்டு ஈஎல்34 போட்டது, இரண்டாம் கையாக வாங்கியது.

"எப்ப தம்பி பீஸு போகுது?"

"நாலாவது பாட்டு வந்தா போயிடுதுண்ணே. வீட்ல வாசிச்சா ஒண்ணும் ஆகல."

"வீட்ல எங்க வச்சு வாசிப்ப?"

"ரூம்லதான். ஃபேன் போட்டுட்டு."

இவன் செத்த ஃபியூஸையும் வைத்திருந்தான், சட்டைப் பையில் காகிதத்தில் மடித்து. கண்ணாடி சுத்தம். கம்பி நடுவில் தொய்ந்து அறுந்திருந்தது. நேரடி ஷார்ட் இல்லை. ஏதோ ஒன்று சூடேற ஏறக் கரன்டைக் கூட்டிக்கொண்டே போகிறது. மேடையில் ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல், திரைச்சீலைக்கு முதுகைக் காட்டி, காற்றே இல்லாமல் வைத்திருப்பார்கள். வீட்டில் ஃபேன் காற்று. அவன் சொன்ன இரண்டே பதிலில் வழி தெரிந்தது. அதற்கு முன் பார்த்தவர்கள் வால்வைத்தான் குறை சொல்லி, இரண்டு ஜோடி மாற்றியிருந்தார்கள்.

இந்த மாதிரி ஹெட்டில் இரண்டு ஃபியூஸ் இருக்கும். மெயின்ஸுக்கு ஒன்று, வால்வுகளுக்குப் போகும் 450 வோல்ட் ஹெச்டி லைனில் ஒன்று. பின்புறத்தில் ஹெச்டிக்கு 500 மில்லியாம்ப் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்தது 5 ஆம்பியர். முதலில் அறவேண்டிய ஃபியூஸ் அறாமல், மெயின்ஸ் ஃபியூஸ் அறுந்திருக்கிறது. அதற்குள் வால்வு பாழ்.

வால்வு செட்டைத் திறப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் 450 வோல்ட் நின்றுகொண்டிருக்கலாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேஷன் போட்ட கிளிப்பில் கட்டி வைத்திருக்கிறேன். அதை மாட்டி, மீட்டரில் வோல்ட் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். உயிரோடு இருக்கும் செட்டில் அளக்கும்போது இடக்கை முதுகுக்குப் பின்னால். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர், இடக்கை மேஜைக்கு வந்தால் ஸ்க்ரூ டிரைவரால் தட்டுவார். பழக்கமில்லாதவர்கள் வால்வு செட்டைத் திறக்கவே வேண்டாம்.

சீரிஸ் போர்டில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. ஸ்பீக்கருக்குப் பதில் டம்மி லோடைப் போட்டு, ஒவ்வொரு ஈஎல்34-இன் கேத்தோடிலும் ஒரு ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்தேன். அதில் ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லியாம்ப். நேர் மெயின்ஸில் போட்டேன். இரண்டும் 36, 37 என்று ஒழுங்காக நின்றன. மேலே ஒரு அட்டையை மூடிக் காத்திருந்தேன். கால் மணி நேரம் போனதும் இடப்பக்க வால்வு 45 காட்டியது. பிறகு 60. பிறகு எண்கள் நிற்காமல் ஓட ஆரம்பித்தன. 100-ஐத் தாண்டியபோது வால்வின் சாம்பல் நிற பிளேட்டில் மடிப்போரமாக மங்கலான சிவப்பு தெரிந்தது. அணைத்துவிட்டேன். ஈஎல்34-இன் பிளேட் 25 வாட் தாங்கும். 450 வோல்ட்டில் 100 மில்லியாம்ப் என்றால் 45 வாட்.

ஆறவிட்டு, இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிச் செருகினேன். மறுபடி அட்டை, மறுபடி காத்திருப்பு. சிவந்தது மறுபடியும் இடப்பக்கம்தான், இப்போது வேறு வால்வு. வால்வின் மேல் குற்றமில்லை, அது உட்காரும் இடத்தில்தான் கோளாறு. இவ்வளவு எளிய சோதனையைச் செய்திருந்தால் அந்தப் பையன் இரண்டு ஜோடி வால்வுக் காசை மிச்சப்படுத்தியிருப்பான்.

வால்வுக்குள் கிரிட் என்பது ஒரு மதகு. அதில் சுமார் மைனஸ் 38 வோல்ட் நின்றால் மதகு அளவாகத் திறந்திருக்கும். அந்த மைனஸ் குறையக் குறைய மதகு ஏறி, வெள்ளம் பாயும். அதனால் பார்க்க வேண்டியது கிரிட்டை, அதாவது ஐந்தாவது பின்னை. வால்வுகளைக் கழற்றிவிட்டு செட்டைப் போட்டேன். வலப்பக்கம் மைனஸ் 38.2. இடப்பக்கம் மைனஸ் 38. வித்தியாசமே இல்லை, ஏனென்றால் செட் ஆறியிருந்தது. ஹேர் டிரையரை எடுத்து அந்தப் பக்கம் காட்டினேன். மைனஸ் 35. 31. 26. டிரையரைத் திருப்பியதும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கு ஏறியது.

கிரிட்டுக்கு வரும் வழியில் இருப்பவை இரண்டே. பயஸ் சப்ளையிலிருந்து வரும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர், முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் 0.022 மைக்ரோஃபாரட் கண்டென்சர். அந்தப் பிளேட்டில் 200 வோல்ட்டுக்கு மேல் பாசிட்டிவ் டிசி நிற்கிறது. கண்டென்சரின் வேலை பாட்டை மட்டும் விட்டு டிசியைத் தடுப்பது. அதில் வெறும் 80 மைக்ரோஆம்பியர் கசிந்தால் போதும், 220 கிலோ ஓமில் அது 18 வோல்ட் ஆகிவிடும். மைனஸ் 38 அப்போது மைனஸ் 20. எந்த ஃபியூஸும் கண்டுகொள்ளாத அளவு கசிவு அது. அது திறந்துவிடும் கரன்டுதான் ஃபியூஸை அறுக்கிறது.

கண்டென்சரின் கிரிட் பக்கக் காலை ஈயத்தை உருக்கித் தூக்கினேன். இடப்பக்க ஐந்தாவது பின், டிரையரைக் காட்டினாலும் மைனஸ் 38-ஐ விட்டு அசையவில்லை. தூக்கிய காலுக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். ஆறியிருக்கும்போது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. சூடு ஏறியதும் கடகடவென்று ஏறி 170-ஐத் தொட்டது.

பையன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "இத முன்னாடி பார்த்தவங்களும் மீட்டர்ல செக் பண்ணாங்களேண்ணே" என்றான். பண்ணியிருப்பார்கள். கழற்றிய கண்டென்சரை அவன் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன். மைக்ரோஃபாரட் சரியாகக் காட்டியது. ஓம் ரேஞ்சில் ஓப்பன். மல்டிமீட்டர் ஓமை அளப்பது ஒன்றிரண்டு வோல்ட்டை வைத்து, அதுவும் ஆறிய கண்டென்சரில். செட்டுக்குள் அது 200 வோல்ட்டுக்கு மேல் சுமந்து சூட்டில் வேகிறது. அந்த நிலையில் வைத்துப் பார்க்காமல் அதன் கசிவு வெளியே வராது.

இரண்டு பக்கமும் 630 வோல்ட் கண்டென்சராக மாற்றினேன். சிவந்து சிவந்து கரி பிடித்திருந்த ஸ்கிரீன் ரெசிஸ்டர்களையும் மாற்றினேன். ஹெச்டி ஹோல்டரில் 500 மில்லியாம்ப் ஸ்லோ ப்ளோவைத் திரும்பப் போட்டேன். அட்டையை மூடி ஒரு மாலை முழுக்க டம்மி லோடில் ஓடவிட்டதில் இரு பக்கமும் 38 மில்லியாம்பைத் தாண்டவில்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்தது அவனுடைய நல்ல நேரம். 5 ஆம்பியர் போட்டிருந்த செட்டில் அது பிழைப்பது அபூர்வம். பின்பக்கப் பலகையின் உட்புறம் இரண்டு வகை ஃபியூஸிலும் ஸ்பேர் வைத்து, எது எங்கே என்று தமிழில் எழுதி ஒட்டி அனுப்பினேன். இப்போது எந்த செட் போனாலும் அப்படித்தான் அனுப்புகிறேன்.

கடைசியாக, ஆடி மாதத்தில் வருடம் தவறாமல் பார்க்கும் ஒரு குறை. இதில் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்த்துப் பயனில்லை. ஒரு குழு மொத்தமாகத் தன் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கும். பேஸ் ஆம்பில் ஃபியூஸ் போயிருக்கும், மிக்ஸரில் போயிருக்கும், கீபோர்டு அடாப்டர் செத்திருக்கும். எல்லாம் ஒரே ராத்திரியில், ஒரே மேடையில். ஆம்பைத் திறந்தால் மெயின்ஸ் நுழையும் இடத்தில் இருக்கும் வட்ட நீல நிற வேரிஸ்டர் வெடித்துக் கருகியிருக்கும். அது 275 வோல்ட் வரை சும்மா இருக்கும், அதற்கு மேல் போனால் தன்னைத்தானே ஷார்ட் ஆக்கிக்கொண்டு ஃபியூஸை அறுத்துவிடும். மேடையில் 275-க்கு மேல் எப்படி வந்தது?

பந்தலுக்கு த்ரீ ஃபேஸ் இழுத்திருப்பார்கள். ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230. இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400. ஒரு ஃபேஸில் சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும், இன்னொன்றில் மேடைச் சாமான்கள். நியூட்ரல் ஒயரைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். நடுராத்திரியில் அந்த முறுக்கு சூடேறி விட்டுவிடும். அந்த நொடியில் லைட்டுகளும் மேடையும் இரண்டு ஃபேஸுக்கு நடுவே சீரிஸாக நிற்கும். பளு குறைந்த பக்கத்தில் வோல்ட் ஏறும். லைட் பக்கம் கனமான பளு, மேடைப் பக்கம் லேசான பளு. 400-இல் முக்கால்வாசி மேடையில் வந்து விழும். இங்கே அந்த ஃபியூஸ் தன் வேலையைச் செய்திருக்கிறது. வேரிஸ்டரையும் ஃபியூஸையும் மாற்றினால் செட் பாடும். வெள்ளித்தாள் சுற்றியிருந்த செட்டானால் டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்த்துப் போயிருக்கும்.

அதனால் குழுக்காரர்கள் கேட்டால் ஒரு சின்ன மல்டிமீட்டரை வாங்கி ஒயர் பெட்டியில் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். மேடைக்குப் போனதும் பிளக் பாயின்ட்டில் அளக்க வேண்டும். 230-ஐ ஒட்டி இருந்தாலும் உடனே செருகக்கூடாது. ஜெனரேட்டராக இருந்தாலும் இதே முறைதான். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சீரியல் செட், ஃபோகஸ், ஃபேன் எல்லாவற்றையும் போடச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து அதே பாயின்ட்டில் மறுபடி அளக்க வேண்டும். பளு ஏறாதவரை தளர்ந்த நியூட்ரல் மீட்டரில் தெரியாது. இரண்டாவது அளவு முதல் அளவைவிடப் பத்துப் பதினைந்து வோல்ட் கூடியிருந்தால் நியூட்ரல் முறுக்கை அவிழ்த்து, கனெக்டர் போட்டு இறுக்கித் தரும்வரை எந்தச் சாமானையும் செருகவேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறேன்.